பொறுப்பானவர் எவராயினும்

அத்தியாயம் 17

நிபால்டோவுக்கு ஏதாவது ஒரு வழி காட்டக்கூடாதா என்று பல பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வழி இருந்தது. காட்ட வேண்டியவள் காட்டவில்லை. இந்த வாரம் அந்தக் கதைதான்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. நிபால்டோ வால்பரைசோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் காவல் காப்பவன். சனிக்கிழமை காலையில் யாரோ உள்ளே புகுந்து, நோயாளிகளின் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அவர்கள் எந்த மெஷினிலிருந்து வந்தார்கள் என்று நிபால்டோ தடம் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானே அதற்குள் நுழைந்து, பூட்டைத் திறக்கும் சாவியை எடுத்துக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். வந்த வெறியில் அந்த மெஷினையே சுத்தமாகத் துடைத்தும் விட்டான். ஆஸ்பத்திரி பிழைத்தது. செய்தித்தாளில் அவன் படம் வந்தது. டைரக்டர் கேக் வெட்டி ஊட்டிவிட்டார்.

அந்த மெஷின் திருடனுடையது இல்லை. பக்கத்து ஊரான கியோட்டாவில் இருக்கும் ஒரு சின்ன டயாலிசிஸ் கிளினிக்குடையது. திருடர்கள் அங்கே சத்தமில்லாமல் குடியேறி, அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிமீது கல்லெறிந்திருக்கிறார்கள்.

நிபால்டோவின் ஆஸ்பத்திரி தன் சிறுநீரக நோயாளிகளை அனுப்புவது அந்தக் கிளினிக்குக்குத்தான். அவர்களில் ஒருவர் லவுத்தாரோ. வயது எழுபத்து நான்கு. துறைமுகத்தில் நாற்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நிபால்டோவின் மனைவி யாஸ்னாவைப் பெற்றவர். திங்கட்கிழமையிலிருந்து நினைவில்லாமல் கிடக்கிறார்.

இதை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு, புதன்கிழமை மாலை தன் அக்கா மகாலியின் மேஜையில் வைத்துவிட்டு அழுதான் நிபால்டோ. அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம்.

மகாலி வக்கீல். கணினிக் குற்றச் சட்டத்தை எழுதிய குழுவில் உட்கார்ந்தவள். தம்பி வந்து விழுந்தது சரியான கையில்தான் என்று நினைப்பீர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிபால்டோ மறுபடி வந்து நின்றான். சவரம் செய்யவில்லை. மகாலி அவனை உட்காரச் சொல்லவில்லை, அவனாகவே உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வெச்சிருக்கே," என்றாள், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே. "எப்ப நுழைஞ்சே, எதை எடுத்தே, எதை அழிச்சே. வினாடி கூட விடலை."

"பழக்கம்கா. எதைத் தொட்டாலும் குறிச்சு வைன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நாளைக்குச் சாட்சிக்கு வேணும்னு."

"சாட்சிக்கு நல்லாவே ஆகும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சட்டப்படி மூணு மணி நேரத்துக்குள்ள அரசாங்க சைபர் ஏஜென்சிக்குத் தகவல் சொல்லணும். சனிக்கிழமை காலையில தாக்குதல். எப்ப சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம்."

"எல்லாத்தையும் துடைச்ச பிறகு."

"ஃபாரம் நிரப்பிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா? ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் படுத்திருக்கான், அவனோட ரத்த வகை என்னன்னு தெரியலை! அந்த மெஷின் சான்டியாகோவுல கம்ப்யூட்டர் வாடகைக்கு விடற ஒரு கம்பெனி பேர்ல இருந்துச்சு. எனக்கெப்படித் தெரியும் கிளினிக்னு?"

"ஏஜென்சிக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு போன்ல சொல்லியிருப்பாங்க. நீ கேக்கலை. நீயே பிடிக்கணும்னு ஆசை."

அது உண்மை. அவனுக்கும் தெரியும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு வரும் வியாதி அது. தன் வீட்டுச் சுவரை யாராவது சுரண்டிவிட்டால் தாங்க மாட்டார்கள். போலீஸைக் கூப்பிடுவது அவமானம். தானே துரத்திப் போய் ஒரு கை பார்த்துவிட்டு வந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

"திருடனைத் துரத்தினது ஒரு குத்தமாக்கா?"

"உன் சுவருக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் துரத்து. சுவரைத் தாண்டினா நீயும் திருடன்தான். அந்த மெஷினோட சொந்தக்காரன் உன்னை உள்ள வரச் சொன்னானா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

மகாலியின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்னால், அக்காவின் போக்கு சரியில்லை என்று இந்தத் தம்பிதான் அவளுடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து, ஒரு மனிதர் அவளுக்கு எழுதிய பதினெட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தான். அம்மா எர்சிலியா அவற்றைச் சாப்பாட்டு மேஜையில், மகாலியின் புருஷனுக்கு எதிரிலேயே, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். புருஷன் அன்றைக்கே பெட்டியைக் கட்டினான். "உன் நல்லதுக்குத்தான்கா," என்றான் நிபால்டோ. அம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் சட்டக் குழுவில், நல்ல நோக்கத்தோடு நுழைந்தவனுக்கு விலக்கு கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, கூடாது என்று நாலு நாள் சண்டை போட்டவள் மகாலி. ஜெயித்தவளும் அவள்தான். அவள் கொள்கைக்காகப் பேசினாள் என்று பாராட்டினார்கள்.

"இப்ப நான் என்னதான்கா பண்ணட்டும்?"

இந்த இடத்தில்தான் அந்த வழி இருந்தது. யாரும் விரல் நீட்டுவதற்கு முன்னால், தானாகவே போய் நின்று உண்மையைச் சொல்கிறவனுக்குத் தண்டனை குறையும். அதுவும் இதற்கு முன் ஒரு வழக்கும் இல்லாத, ஆஸ்பத்திரியைக் காப்பாற்றிய ஒருத்தனுக்கு, சிறைக்குள் போகாமலே கூட முடிந்திருக்கும். ஒவ்வொரு மார்ச் மாதமும் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மகாலி நடத்துகிற முதல் பாடமே இதுதான்.

"வாயைத் திறக்காதே," என்றாள் மகாலி. "யார்கிட்டயும். முக்கியமா யாஸ்னாகிட்ட."

"சரிக்கா."

"என்னை நம்பு."

அவன் எழுந்து வந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். தாங்க்ஸ் என்று இரண்டு தடவை சொன்னான். அவன் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு, மகாலி அவன் குடித்த கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

பதினோரு மணிக்கு யாஸ்னா போன் செய்தாள்.

"அண்ணி, எனக்கு ஒரு புகார் எழுதித் தரணும். அப்பாவை இப்படிப் பண்ணினவன்மேல."

ஒரு தரப்பின் ரகசியத்தைக் கேட்ட வக்கீல் எதிர்த் தரப்புக்குப் பேனாவைத் தொடக்கூடாது. மகாலிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எழுதிட்டாப் போச்சு," என்றாள். "சாயந்திரம் அம்மா வீட்டுக்கு வந்துடு, ஓன்சே டீக்கு. எல்லாரும் இருப்போம்."

*

பரோன் குன்றின் மேல் எர்சிலியாவின் வீடு. ஆறு மணிக்குத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜையில் சுடச்சுட ரொட்டி, மசித்த அவகாடோ, சீஸ். செய்தித்தாளில் வந்த நிபால்டோவின் படத்தைச் சட்டம் போட்டு ரேடியோவின் மேல் வைத்திருந்தாள் எர்சிலியா. மூன்றே நாளில் சட்டம் போட எங்கே கடை கண்டுபிடித்தாளோ தெரியவில்லை.

யாஸ்னா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். திங்கட்கிழமை போட்ட அதே பச்சை ஸ்வெட்டர். நிபால்டோ நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"சாப்பிடும்மா முதல்ல," என்றாள் எர்சிலியா.

"வேணாம் அத்தை. அண்ணி, எழுதிட்டீங்களா?"

மகாலி பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தாள். அலுவலகத்திலேயே அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள். "நடந்ததை ஒரு தடவை நீ சொல்லு. நான் சரிபார்த்துக்கறேன்."

நிபால்டோ அக்காவைப் பார்த்தான். அக்கா தாளைப் பார்த்தாள்.

யாஸ்னா சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஒவ்வொரு தடவையும் உடம்புலேருந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு கணக்கு அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கும். திங்கக்கிழமை காலையில திறந்தா ஒண்ணுமில்ல, எல்லாம் காலி. பழைய காகிதக் கட்டைத் தேடி எடுத்திருக்காங்க. அதுல இருந்தது குளிர் காலத்துல எழுதின எடை. அப்பா அதுக்கப்புறம் தேறி, நாலு கிலோ சதை போட்டிருக்காரு. அவங்க அதையும் தண்ணின்னு நினைச்சு எடுத்திருக்காங்க. பாதியிலேயே பிரஷர் இறங்கிடுச்சு. இதயம் நின்னு போச்சு. மறுபடி அடிக்க வெச்சாங்க. அவ்வளவுதான்."

"பாவிப் பசங்க," என்றாள் எர்சிலியா. "எங்கயோ ஒரு மூலையில உட்கார்ந்துக்கிட்டு பொத்தானை அமுக்குறானுங்க. கையை வெட்டணும் அவனுங்களுக்கு. எங்க நிபா மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், எல்லாவனும் ஓடிடுவான்."

"ஆமா அத்தை," என்றாள் யாஸ்னா.

மகாலி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "உரியவரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்து, நோயாளிகளின் விவரங்களை அழித்து, அதன் விளைவாக லவுத்தாரோ அவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்த, பொறுப்பானவர் எவராயினும் அவர்மீது..." நிறுத்தினாள். "நிபா, 'நுழைந்து அழித்து'ன்னு போட்டிருக்கேன். சரியா இருக்கா? இது உன் துறையாச்சே."

நிபால்டோவின் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. "சரியா இருக்கு," என்றான்.

"பேர் போட வேண்டாமா அண்ணி?"

"பேர் தெரியாதப்ப இப்படித்தான் எழுதறது. எவராயினும்னு போட்டாப் போதும். தேடறது போலீஸ் வேலை. காலையில கோர்ட் திறந்ததும் குடுத்துடலாம்."

"எவராயினும்," என்றாள் யாஸ்னா. "நல்ல வார்த்தை."

அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நிபால்டோ பக்கம் தள்ளினாள். "கிளினிக்ல கம்ப்யூட்டர் பார்க்கற ஆள் குடுத்தாரு. துடைச்ச மெஷின்ல இதெல்லாம் இருக்காதாமே. வாடகைக் கம்பெனிகிட்ட தனியா ஒரு பதிவு இருந்துச்சாம். எனக்கு ஒண்ணும் புரியலை. நீ படிச்சுச் சொல்லு நிபா."

அவன் பிரித்தான். பிரித்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை மணிக்கு உள்ள வந்திருக்கான்?"

"மூணு முப்பத்தெட்டு."

"எந்தக் கிழமை?"

"ஞாயிறு."

"எத்தனை மணிக்குத் துடைச்சிருக்கான்?"

அவன் காகிதத்தை மறுபடி மடிக்கப் பார்த்தான்.

"சொல்லுப்பா," என்றாள் எர்சிலியா. "உனக்குத் தெரியாததா?"

"நாலு பன்னெண்டு."

யாஸ்னா தன் போனை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, மாமியாருக்கு எதிரே வைத்தாள். "அத்தை, கண்ணாடி போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு யார் கூப்பிட்டிருக்காங்கன்னு படிங்க."

எர்சிலியா சுருக்கெழுத்துப் படிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "நிபா. நாலு பதிமூணு."

"அப்ப நான் உங்க அடுப்படியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். பூசணி வடை சுட்டுக்கிட்டு. போனை எடுத்தா ஒரே கத்தல். 'செத்தான் திருடன்! அவன் மெஷினையே துடைச்சுட்டேன், யாஸ்னா! ஒரு எழுத்து கூட மிச்சமில்லை!' நான் அழுதேன், அத்தை. பெருமையில. நீங்களும்தான் அழுதீங்க."

எர்சிலியா போனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ரேடியோ மேலிருந்த படத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முதல் காரியமாக வெண்ணெய்க் கத்தியை எடுத்து, யாஸ்னாவுக்கு எட்டாமல் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது, யாஸ்னா," என்றான் நிபால்டோ. உதடு கோணியது. "சத்தியமா அது யாரோடதுன்னு தெரியாது. திங்கக்கிழமை ராத்திரிதான் தெரிஞ்சது. நான் சொல்லத்தான் இருந்தேன். அக்காதான் பேசாதேன்னா. அக்கா, சொல்லேன்கா!"

யாஸ்னா மெல்லத் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"நேத்து சாயந்திரத்துலேருந்து," என்றாள் மகாலி.

"தெரிஞ்சுக்கிட்டேவா எனக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"நீ கேட்டே. எழுதினேன்."

"ஏன்கா?" என்றான் நிபால்டோ.

மகாலி தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள். "இன்னிக்குக் காலையில என் ஆபீஸ்லேருந்து நேரா போலீஸுக்குப் போய் நீயே சொல்லியிருந்தா, உனக்குப் பாதித் தண்டனைதான். அதிர்ஷ்டம் இருந்தா உள்ள போகாமலே தப்பிச்சிருக்கலாம். இப்ப உன்னைக் கண்டுபிடிச்சாச்சு. இனிமே போய்ச் சொன்னா, மாட்டிக்கிட்டவன் பேச்சுதான் அது."

"பின்ன ஏன் என்னைப் பேசாதேன்னு சொன்னே?"

"உன் நல்லதுக்குத்தான்."

அந்த மேஜையில் ஐந்து வருடமாக அந்த வார்த்தை கிடந்தது. அதை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கொஞ்ச நேரம்.

"நீ என் வயித்துலதான் பொறந்தியா?" என்றாள் எர்சிலியா.

"கடிதம் படிச்சீங்களேம்மா, அன்னிக்கு நானும் இதையேதான் நினைச்சேன்."

எர்சிலியா அவளை விட்டுவிட்டு யாஸ்னாவிடம் திரும்பினாள். நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் தேன் ஊற்றினாள்.

"யாஸ்னாக் கண்ணு. இங்க பாரு. இது வீட்டுக்குள்ள நடந்தது, வீட்டோட போகட்டும். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு. நான் சொல்றதைப் பொறுமையாக் கேளு. உங்க அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. ரெண்டு சிறுநீரகமும் எப்பவோ போச்சு. அவர் எழுந்து வந்து என்ன பண்ணப் போறாரு? என் பிள்ளைக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது."

அடுப்பில் கெண்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

நிபால்டோ, "அம்மா..." என்றான். ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டாம் அம்மா என்று சொல்லியிருக்கலாம். தப்பு அம்மா என்று சொல்லியிருக்கலாம். யாஸ்னா அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தன் கையை மாமியாரிடமிருந்து உருவிக்கொண்டாள்.

"வரும்போது பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன், அத்தை. கேள்வி கேக்கணும், ஒத்துக்க வெக்கணும், அப்புறம் கிழிச்சுப் போட்டுடணும்னுதான் வந்தேன். தெரியாமப் பண்ணினது. எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். ஈ எறும்பைக் கூட அடிக்க மாட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க இப்ப சொன்னதை மட்டும் சொல்லாம இருந்திருந்தா."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

யாஸ்னா முதல் தாளை எடுத்து நிபால்டோவுக்கு முன்னால் வைத்தாள். 'பொறுப்பானவர் எவராயினும்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். மகாலியின் பேனாவைக் கேட்காமலே எடுத்து, தாளின் மேல் வைத்தாள்.

"அதை அடிச்சுட்டு உங்க பேரை எழுதுங்க. முழுப் பேர். அப்பா பேரு, அம்மா பேரு, எல்லாம்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவனை 'நீங்க' என்றாள்.

"எழுதாதே நிபா," என்றாள் எர்சிலியா. "இவ யாரு சொல்றதுக்கு? எழுதாதே."

"எழுதினா ஒருவேளை நீதிபதி கொஞ்சம் இரங்கலாம்," என்றாள் மகாலி, பொதுவாக, வகுப்பில் சொல்வதுபோல. "எழுதலைன்னாலும் காலையில கண்டுபிடிச்சுடுவாங்க."

"நீ வாயை மூடு!"

நிபால்டோ பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். அது உருண்டு அவகாடோக் கிண்ணத்தில் போய் முட்டி நின்றது. சிறைக்குப் போய் வந்தவனுக்கு இந்தத் தொழிலில் எந்தக் கதவும் திறக்காது என்பது அவனுக்குத் தெரியும். எழுதாமல் எழுந்தால், இந்த மேஜையைவிட்டு யாஸ்னா தனியாகத்தான் போவாள் என்பதும் தெரியும்.

அப்போது மாமியாருக்கு எதிரே கிடந்த யாஸ்னாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

அவள் பாய்ந்து எடுத்தாள். கேட்டாள். "எப்ப?" என்றாள். "பேசறாரா? பேசறாராமே! குடுங்க, அவர்கிட்டயே குடுங்க."

ஒலிபெருக்கியை அமுக்கினாள். மூச்சிரைப்பு முதலில் வந்தது. பிறகுதான் குரல், தேய்ந்து போய்.

"யாஸ்னா..."

"அப்பா! நான்தான்ப்பா."

"மாப்பிள்ளை... கூட இருக்கானா?"

"இருக்காருப்பா. எதிர்லதான் இருக்காரு."

"நம்ம கிளினிக்ல... கம்ப்யூட்டரை எவனோ கெடுத்துட்டான்னாங்க. அந்த நர்ஸ் பொண்ணு அழுதுச்சு." மறுபடி மூச்சு. "நான் சொன்னேன், அழாதேம்மா, எங்க மாப்பிள்ளை இருக்கான், விடமாட்டான்னு. கேளு அவனை. பிடிச்சுட்டானான்னு கேளு."

யாஸ்னா மேஜையைச் சுற்றி வந்தாள். போனை நிபால்டோவின் வாய்க்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். அவள் கை கொஞ்சமும் ஆடவில்லை.

"கேக்கறாரு," என்றாள். "சொல்லுங்க."